ராத்தங்காத குழந்தைகள்

வேலையை விட்டுப் போகிறவர்கள், புதிதாக வருகிறவர்களுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நம் நோய்க் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வழக்கம். தலை நரைத்து, மாலை மரியாதையோடு போனவர்கள் எழுதியதைத்தான் இதுவரை படித்திருப்பீர்கள். எனக்கு அந்த வயதும் இல்லை, அந்த அனுபவமும் இல்லை. சில மழைக்காலங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். என் மகள் இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. என்னிடம் ஏன் கேட்டார்கள் என்று தெரியவில்லை. கேட்டபிறகு எழுதாமல் இருக்கவும் மனம் வரவில்லை. ஒரு தடவை எழுதி அழித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன்.

எப்படி எண்ணுவது, எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரே ஒரு பருவத்தின் கதை.

தீபாவளி மழையோடு கைக்குழந்தைகளுக்குச் சளியும் இளைப்பும் வரும். எல்லா வருஷமும் வரும். எத்தனை குழந்தைகளுக்கு வந்தது என்பது நம் கேள்வி இல்லை. இந்த வருஷம் எவ்வளவு கடுமையாக வந்திருக்கிறது என்பதுதான் நம் கேள்வி. அதற்கு நம்மிடம் இருப்பது ஒரே அளவுகோல்: இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேர் ஆக்சிஜன் வைத்து இரவு தங்கினார்கள்? வாரம் ஒரு எண். அதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம். மூச்சிழுக்கும்போது நெஞ்சு குழி விழுகிறதா இல்லையா என்பதில் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ராத்திரி தங்கினானா இல்லையா என்பதில் யாரும் சண்டை போட முடியாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல அளவுகோல்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தற்காலிகமாக ஒரு வார்டு திறந்தார்கள். சில கட்டில்கள், சில ஆக்சிஜன் மெஷின்கள், வேறு ஊர்களிலிருந்து அனுப்பிய சிஸ்டர்கள். எண் சிவப்பில் இருக்கும்வரை அந்த வார்டு இருக்கும். பச்சைக்கு இறங்கினால் மெஷின்களும் சிஸ்டர்களும் அடுத்துச் சிவப்பாகிற ஊருக்குப் போய்விடுவார்கள். இருப்பதே கொஞ்சம்தான், அதை ஊர் ஊராக நகர்த்தினார்கள். அதிலும் தப்பு சொல்ல முடியாது.

அதே சமயம் என் வீட்டிலும் இருமல். மகள் தூங்கும்போது அவள் சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். காலையில் அலுவலகத்துக்கு வந்து ஊரார் குழந்தைகளின் எண்ணைப் பார்ப்பேன். எண் ஏறினால் உடனே வீட்டுக்குப் போன் போடுவேன். நான் பார்ப்பது எண்ணையா, என் பயத்தையா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

அந்த ஆஸ்பத்திரியின் எண் திடீரென்று இறங்கியது. சிவப்பிலிருந்து ஒரே வாரத்தில் மஞ்சளுக்கு வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் மூச்சு விட நேரம் கிடைத்த மாதிரி இருந்தது. எங்கள் பிரிவுக்கு மேலதிகாரியாக இருந்தவர், "அப்பாடா, உச்சி தாண்டிருச்சுங்க" என்று எல்லோருக்கும் டீ சொன்னார்.

எனக்கு மட்டும் டீ இறங்கவில்லை. இருமலோடு வந்த குழந்தைகள் குறையவில்லை. தங்கியவர்கள்தான் குறைந்திருந்தார்கள். நோய் லேசாகிவிட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். சரியான பதில்தான். இருந்தாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினேன்.

வார்டில் பாதிக்கு மேல் கட்டில்கள் காலி. பொறுப்பில் இருந்த சிஸ்டர் என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், காலிக் கட்டிலை எண்ண வந்தீங்களா? சுலபமான வேலைதானுங்க, மடமடன்னு முடிச்சுட்டுப் போலாம்" என்றார்.

"ஏன் சிஸ்டர், நெசமாவே கொறஞ்சிருச்சா?"

"அந்தப் பக்கம் வந்து பாருங்க."

வெளிநோயாளிகள் பகுதியில் நிற்க இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக அம்மாக்கள், மடியில் குழந்தைகள். குழந்தைகளின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். வார்டில் இருந்த மெஷின்களையே இங்கே தள்ளிக்கொண்டு வந்து, ஒன்றிலிருந்து பிரித்துப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

"கட்டில்ல படுக்க வெக்கலாமே சிஸ்டர்?"

"படுத்தா தங்கச் சொல்லுவோம்னு பயப்படறாங்க. காத்தால வாராங்க, நாள் பூரா ஆக்சிஜன் புடிக்கறாங்க, பொழுது எறங்கறப்போ பைய எடுத்துட்டுக் கெளம்பிடறாங்க. இங்க சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் பூச்சாட்டிட்டாங்களுங்க."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கிவிட்டது. நானும் இந்தப் பக்கத்துப் பெண்தான். மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பூப்போட்டு, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அந்தக் கம்பத்தைப் பிடுங்கும்வரை ஊர்க்காரர்கள் வெளியில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். சின்ன வயதில் எங்கள் ஊரிலும் அந்த நாட்களில் யாரும் வெளியூர் போய்த் தங்கமாட்டார்கள். தெரிந்த வழக்கம். நம் அளவுகோலின் உயிரே 'இரவு தங்குவது' என்பதில் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்த நாற்காலி வரிசையில்தான் சுகந்தியைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னப் பெண். மடியில் யாழினி, பல் முளைக்கிற வயது. கன்னத்தில் பெரிதாக மைப்பொட்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் தலையாட்டல் என்னவென்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். மூச்சிழுக்கக் கழுத்துத் தசையும் சேர்ந்து பாடுபடுகிறது.

"ஏனுங்க, ரெண்டு நாள் இங்கயே தங்கிப் பாத்துட்டுப் போலாமுல்லங்க?" என்று கேட்டேன்.

"எனக்கும் ஆசதானுங்க அக்கா. எங்கூட்டுக்காரர் காப்புக் கட்டியிருக்காருங்க. பாப்பா பொறக்கோணும்னு வேண்டிக் கட்டினதுங்க. அஞ்சு வருசமா இல்லாமப் பொறந்தவ. இப்பப் போயி ராத்தங்கிட்டா…" முடிக்காமல் குழந்தையின் மைப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற கணவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். கையில் மஞ்சள் காப்பு. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா அவரிடம் கோபமாகவே கேட்டார்: "உங்க சாமி, கொழந்தைய வெச்சுக்கிட்டு ராத்திரி ஆஸ்பத்திரில இருக்கறதுக்கா கோவிச்சுக்கும்?"

"நீங்க சொல்றது நாயந்தானுங்க டாக்டரம்மா. நான் ஒருத்தன் மட்டும்னா தங்கிப்போடுவனுங்க. ஊருக்கே ஒண்ணு ஆச்சுன்னா எங்கள நெனச்சுத்தானுங்களே பேசுவாங்க. பெரியவங்க கிட்டக் கேட்டுப் பாக்கறனுங்க. காத்தாலைக்கு மொதல் ஆளா வந்தர்றோமுங்க."

கோபப்பட ஆள் இருந்தால் கோபப்படலாம். அத்தனை மரியாதைக்கு முன்னால் எதைச் சொல்லிக் கத்துவது? டாக்டரம்மா அடுத்த குழந்தையிடம் போய்விட்டார்.

சுகந்தியிடம் என் போன் நம்பரைக் கொடுத்தேன். "தங்கறதுன்னு முடிவானா எந்நேரம்னாலும் கூப்பிடு கண்ணு. கட்டிலு காலியாத்தான் இருக்குது." கட்டில் காலியாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பகல்ல ஆக்சிஜன் வெச்சதையும் எண்ணிக்கலாங்க சார். அப்படிப் பாத்தா இது இன்னும் செவப்புதான்."

"மத்த ஆஸ்பத்திரில பகல் கணக்கு எழுதறாங்களா?"

"இல்லீங்க சார்."

"போன வருசம் எழுதினமா?"

"இல்லீங்க."

"அப்புறம் இந்த ஒரு எடத்துக்கு மட்டும் வேற படி வெச்சு அளந்தா அது அளவுங்களா அம்மணி? இன்னிக்கு உங்களுக்காக மாத்தினா நாளைக்கு இன்னொருத்தரு வருவாரு. பவானில இப்ப எண்ணு ஏறிட்டே இருக்குது. அங்க கொழந்தைங்க ஒரே கட்டில்ல ரெண்டு ரெண்டாப் படுத்திருக்குது. இங்க காலிக் கட்டில வெச்சுக்கிட்டு அங்க மெஷின் அனுப்ப மாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ஊட்டுல கைக்கொழந்தைய வெச்சிருக்கீங்க. பாக்கற கொழந்தையெல்லாம் மூச்சு வாங்கற மாதிரித்தானுங்க தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் பிரச்சினை. நானே எனக்குள் பல தடவை கேட்டுக்கொண்ட கேள்வியை அவர் வெளியில் சொல்லிவிட்டார். இவர் சொல்வது சரியாக இருந்தால்? பகலில் மட்டும் ஆக்சிஜன் வைத்து அத்தனை குழந்தைகள் சமாளிக்கிறார்கள் என்றால் நோய் உண்மையிலேயே லேசானதுதானோ? தலையாட்டல் என்று நான் பார்த்தது குழந்தை தூக்கத்தில் ஆட்டியதோ?

அடுத்த வாரத்து எண் பச்சை. அதற்குக் கீழே ஒரு குறிப்பு சேர்க்க அனுமதி வாங்கினேன். 'ஊர்த் திருவிழாவால் இரவு தங்குவோர் குறைந்துள்ளனர். இந்த எண் உண்மை நிலையைக் காட்டவில்லை' என்று எழுதினேன். கடைசி நேரத்தில் 'காட்டாமல் இருக்கலாம்' என்று மாற்றினேன். மாற்றாமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நிறத்தைப் பார்க்கிறவர்கள் குறிப்புவரை வருவதில்லை. உண்மையாகத்தான் இருக்கும்.

வார்டை மூடினார்கள். மெஷின்கள் பவானிக்குப் போயின. சிஸ்டர்களும் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், அலுவலகத்தில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். யாரென்று பிடிபடவே கொஞ்ச நேரமானது.

"அக்கா, நான் சுகந்தி பேசறனுங்க. பூக் கேட்டோமுங்க!"

பூக் கேட்பது என்றால் என்னவென்று மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியத்தைச் செய்யலாமா கூடாதா என்று சாமியிடம் உத்தரவு கேட்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம்.

"வெள்ளப்பூ வந்துருச்சுங்க அக்கா. ஊரே நின்னு பாத்துதுங்க. பெரியவங்களே, 'ஆத்தாளே சொல்லிப்போட்டா, போயித் தங்குங்க சாமி'ன்னு வண்டி வெச்சு அனுப்பிச்சாங்க. தலகாணி, பிளாஸ்க்கு எல்லாம் எடுத்துட்டு வந்துட்டோமுங்க. இங்க என்னங்க அக்கா, வார்டு பூட்டியிருக்குது?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டிருப்பேன்.

"இன்னிக்குத் தேவலீங்க. மூச்சு மெதுவாத்தான் உடறா. சத்தமே இல்ல, அழுகறதே இல்லீங்க."

அதுவரை வேகவேகமாக மூச்சு வாங்கிய குழந்தை திடீரென்று மெதுவாக, சத்தமில்லாமல் மூச்சுவிட்டால் அது தேறியதாக இருக்காது. களைத்துப்போனதாக இருக்கும். டாக்டரம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன். டாக்டரம்மா பேசவில்லை, அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார். அங்கே மிச்சமிருந்த ஒரே சின்ன மெஷினில் வேறொரு குழந்தை இருந்தது, பிரித்துக் கொடுத்தால் இருவருக்கும் போதாது. அதைக் கழற்றி யாழினிக்கு வைத்தார்கள், பிறகு அந்தக் குழந்தை நீலம் பாரிக்கவும், மறுபடி இதற்கும் அதற்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். இதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னது.

நான் ஒரு ஆட்டோ பிடித்து, அவர்களைக் கொண்டு வரவிருந்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் போய் நின்றேன். போய் நின்று என்ன செய்யப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. கட்டில் காலி என்று சொன்னவள் நான், அந்த வாசலிலாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. மேட்டுப்பாளையம் ரோட்டில் பாலத்து வேலை, மழை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வாசல் காவலாளி என்னை இரண்டு தடவை, "ஏனுங்க, யாருங்க பேஷண்டு?" என்று கேட்டுவிட்டார்.

வந்தது. கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது சுகந்தியின் கணவர், கையில் தலையணையோடு. உள்ளே இருந்த டாக்டர் பையன் இறங்காமல் என்னைப் பார்த்தான். நான் உறவுக்காரி என்று நினைத்துக்கொண்டிருப்பான். தலையை மட்டும் அசைத்தான்.

சுகந்தி குழந்தையை விடவில்லை. "தூங்கறா, தூங்கறா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கணவர்தான் என்னிடம் வந்து கைகூப்பினார். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நாங்கதானுங்க தாமசம் பண்ணிப்போட்டோம்."

அவரைத் தடுத்து, "இல்லீங்க, நீங்க சரியான நேரத்துக்குத்தான் வந்தீங்க, நாங்கதான் கட்டிலை எடுத்துட்டுப் போயிட்டோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அந்த வாசலில் அவருக்கு அது என்ன ஆறுதல் என்று தோன்றி மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அந்த மனிதர் தன்னைக் குற்றம் சொல்வதையாவது நிறுத்தியிருப்பாரோ? நித்தமும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வாரத்துக் கூட்டத்தில் எண்ணைப் படித்தார்கள். பச்சை. முதல் ஆஸ்பத்திரியில் யாழினி 'வந்து வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தை'. இரண்டாவது ஆஸ்பத்திரியில் 'வரும்போதே உயிரில்லாத குழந்தை'. இரண்டு இடத்திலும் இரவு தங்கவில்லை. நம் அளவுகோலின்படி அவளுக்குக் கடுமையான நோயே வரவில்லை.

"அந்தக் கொழந்தைய எதுல சேக்கறதுங்க சார்?" என்று கேட்டேன்.

மேலதிகாரி தாளை என் பக்கம் நகர்த்தினார். "கீழ ஒரு குறிப்புப் போடுங்க" என்றார்.

"போன தடவையும் போட்டனுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சில நாளில் நோம்பி முடிந்து கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். அன்று முதல் அந்த ஊர்களிலிருந்து குழந்தைகளோடு வந்தவர்கள் எல்லாரும் தங்கினார்கள். எண் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. என்ன, கிருமி மாறிவிட்டதா, இரண்டாவது அலையா என்று ஆளாளுக்குப் போன். மெஷின்கள் பவானியிலிருந்து திரும்பி வந்தன. பவானியில் அவற்றை எடுத்த பிறகு அங்கே என்ன ஆனது என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. இப்போது நீங்கள் நிரப்பும் தாளில் 'ஊரில் திருவிழா உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது அந்த வருஷம் வந்தது.

அந்தக் கட்டத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். திருவிழாவை இனிமேல் பிடித்துவிடுவோம். அடுத்தது திருவிழாவாக இருக்காது. மில்லில் லீவு கொடுக்காததாக இருக்கலாம், பஸ் ஓடாததாக இருக்கலாம், என் தலைக்கும் உங்கள் தலைக்கும் எட்டாத ஏதோவாக இருக்கலாம். எண் இறங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள் என்று உங்களுக்கு அறிவுரை சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் போய்ப் பார்த்தேனே. காரணத்தையும் கண்டுபிடித்தேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவும் செய்தேன். அதனால் என்ன அறிவுரை சொல்வதென்று தெரியவில்லை.

வேலையை ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்கிறேன். எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

தை பிறந்தபிறகு சுகந்தி ஒரு தடவை கூப்பிட்டாள். சும்மாதான் கூப்பிட்டதாகச் சொன்னாள். அவள் கணவர் பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம். பிறகு கேட்டாள்.

"அக்கா, நீங்க இந்தச் சளியில எத்தன கொழந்தைங்களுக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னு கணக்கெடுக்கறவங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க."

"ஆமா கண்ணு."

"எங்க பாப்பாவ அதுல சேத்திட்டீங்களா?"

இந்த வேலையில் என்னிடம் கேட்டதிலேயே மிகக் கஷ்டமான கேள்வி அதுதான்.

"சேத்துட்டேன்" என்றேன்.

"சரீங்க அக்கா. அது போதுமுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரத்தின் எண் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். பச்சையாகத்தான் இருக்கும்.